தீவகத்தில் ஒடியல் கூழ்: மா வாங்குவது முதல் பனையோலைப் பிளாவில் ஊற்றுவது வரை

விடுமுறைக்கு யாழ்ப்பாணத் தீவுப் பக்கம் வருகிறவர்கள், காய்ந்த பனங்கிழங்கு மாவில் கடலுணவும் மரக்கறியும் சேர்த்துக் காய்ச்சும் ஒடியல் கூழை உணவகத்தில் ஒரு கோப்பை வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்புவதுண்டு. கூழின் முழு ருசி அந்த ஒரு கோப்பையில் தெரியாது. பெரிய பானையில் காய்ச்சி, ஏழெட்டுப் பேர் சுற்றியிருந்து, ஆற ஆற மறுபடி ஊற்றிக் குடிக்க வேண்டிய சாப்பாடு இது. வேலணையிலோ புங்குடுதீவிலோ நெடுந்தீவிலோ நீங்கள் தங்கும் வீட்டில் ஒரு முற்றமும் அடுப்புக்கு மூன்று கல்லும் இருந்தால் நீங்களே காய்ச்சலாம். வீட்டுக்காரர்களிடம் கேட்டால் பானையும் விறகும் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

முதல்முறை காய்ச்சுகிறவர்கள் நல்ல நண்டு, நல்ல மீன் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு ஒழுங்கில்தான் தவறுகிறார்கள். ஒடியல் மா எல்லாவற்றுக்கும் முதல் தண்ணீரில் இறங்க வேண்டும். ஆனால் கிழங்கும் நண்டும் மீனும் வெந்த பிறகே பானையில் இறங்க வேண்டும். மற்ற வேலைகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் நடப்பவை. கீழே உள்ள அளவுகள் எட்டுப் பேருக்கு.

1. நாளையும் இடத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள்

வேலணையும் புங்குடுதீவும் தரைவழியே போகக்கூடியவை. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியை (கடலை ஊடறுத்துப் போகும் சாலையை) கடந்தால் வேலணை, அங்கிருந்து இன்னொரு தாம்போதி வழியே புங்குடுதீவு, அதன் முனையில் குறிகட்டுவான் இறங்குதுறை. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அங்கேயே படகு. நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் இருக்க வேண்டும். அனலைதீவு, எழுவைதீவு போகிறவர்கள் ஊர்காவற்றுறையில் படகேறுவார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம், எந்தச் சாமானை எங்கே வாங்குவது என்பது நீங்கள் போகும் தீவைப் பொறுத்தது. நெடுந்தீவில் மீனும் நண்டும் கரையிலேயே கிடைக்கும். மரவள்ளிக்கிழங்கு, பயத்தங்காய், பலாக்கொட்டை போன்றவற்றை யாழ்ப்பாணத்திலேயே, திருநெல்வேலிச் சந்தையில், வாங்கிக்கொண்டு படகேறுவது நல்லது. படகை விட்டுவிட்டு மரக்கறி தேடினால் அன்றைய கூழ் மறுநாளைக்குப் போய்விடும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம். கடல் கொந்தளித்தால் படகும் இல்லை, மீனும் குறைவு. அந்த மாதங்களில் வருகிறவர்கள் வேலணையிலோ புங்குடுதீவிலோ காய்ச்சுவதாகத் திட்டமிடுங்கள்.

நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள இடத்தில் மீன், நண்டு போன்ற மச்சம் சமைக்க வேண்டாம். ஆனி மாதத் திருவிழாக் காலத்தில் தீவு முழுவதும் அடியார்கள் நிறைந்திருப்பார்கள். அப்போது மரக்கறிக் கூழோடு நிறுத்திக்கொள்வதுதான் மரியாதை. அதன் முறை ஏழாம் பகுதியின் கடைசியில் இருக்கிறது.

கூழுக்கு ஏற்ற நேரம் பின்னேரம். மா ஊறக் காலையிலிருந்து நேரம் வேண்டும். வெயில் இறங்கிய பிறகு குடித்தால்தான் வியர்வை உடம்பைக் குளிர்விக்கும். நான்கு மணிக்கு அடுப்பு மூட்டினால் ஐந்தரைக்குக் குடிக்கலாம்.

2. ஒடியல் மா: எதை வாங்குவது

பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கூழுக்கு வேண்டியது ஒடியல் மா. கடையில் இரண்டும் ஒரே தட்டில், ஒரே நிறப் பையில் இருக்கும்; புதிதாக வருகிறவர்கள் மாறி எடுத்துவிடுகிறார்கள். புழுக்கொடியல் மா ஏற்கெனவே வெந்தது. பானையில் போட்டால் கூழுக்கு வேண்டிய இழுவை வராது, கரகரவென்று அடியில் நிற்கும். அதைத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்து தின்னலாம், ருசியாக இருக்கும். கூழுக்கு மட்டும் வேண்டாம்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். மணம்: காய்ந்த கிழங்கின் மண்வாசம் இருக்க வேண்டும், பூஞ்சண வாடை இருந்தால் எடுக்காதீர்கள். தொடுகை: விரலிடையில் தேய்த்தால் உலர்ந்து உதிர வேண்டும், உருண்டை பிடித்தால் ஈரம் ஏறியிருக்கிறது. மூன்றாவது, வண்டு. பையை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்.

மாவை விட ஒடியலாகவே வாங்கி இடித்துக்கொள்வது இன்னும் நல்லது, ஆலையோ உரலோ கிடைத்தால். ஒரு துண்டை எடுத்து ஒடித்துப் பாருங்கள்: சத்தத்தோடு முறிந்தால் நன்றாகக் காய்ந்தது, வளைந்தால் காயவில்லை. கிழங்கு கிண்டுவது பெரும்பாலும் தை, மாசியில். ஆகவே பங்குனி, சித்திரையில் வருகிறவர்களுக்குப் புது ஒடியல் கிடைக்கும். மற்ற மாதங்களில் பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையத்திலோ சந்தையில் பனம்பண்டம் விற்கிறவர்களிடமோ மா வாங்கலாம்.

எட்டுப் பேருக்கு 300 கிராம். குறைவாகத் தோன்றும். தோன்றட்டும், இந்த மா பொங்கிக் கொடுக்கும்.

3. மாவை ஊறவைத்துக் கசப்பை எடுத்தல்

இதைத் தவறவிட்டால் பின்னால் எதைப் போட்டும் திருத்த முடியாது. ஒடியலில் இயல்பாகவே ஒரு கசப்பு உண்டு. அது தண்ணீரில் இறங்கும். ஊறவைப்பது மா இளகுவதற்கு என்று நினைத்துப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுகிறவர்கள் பலர். கசப்பை வெளியேற்றத்தான் ஊறவைக்கிறோம். அதற்கு நேரமும் தண்ணீர் மாற்றமும் வேண்டும்.

முதலில் மாவை அரிதட்டில் அரித்துத் தும்பை நீக்குங்கள். தும்பு இருந்தால் குடிக்கும்போது தொண்டையில் நிற்கும். பிறகு அகன்ற பாத்திரத்தில் 2 லீற்றர் தண்ணீர் ஊற்றி, மாவைத் தூவிக் கையால் கலக்கி, மூடி வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் மா அடியில் படிந்து, மேலே மங்கலான தண்ணீர் நிற்கும். பாத்திரத்தை ஆட்டாமல் மெல்லச் சரித்து மேல்தண்ணீரை ஊற்றிவிடுங்கள். மறுபடி 2 லீற்றர், மறுபடி கலக்கி இரண்டு மணி நேரம், மறுபடி ஊற்றல்.

இரண்டாம் தண்ணீரை ஊற்றுவதற்கு முன் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசப்பு தெரிந்தால் மூன்றாம் முறையும் மாற்ற வேண்டும். பழைய மாவுக்குப் பெரும்பாலும் மூன்று முறை தேவைப்படும்.

அதற்காக இரவு முழுவதும் ஊறவிடாதீர்கள். தீவகச் சூட்டில் ஆறேழு மணி நேரத்துக்கு மேல் போனால் மா புளிக்கத் தொடங்கும், கூழில் ஒரு கெட்ட வாடை வரும். காலை பத்தரை மணிக்கு ஊறப்போட்டால் பின்னேர அடுப்புக்குச் சரியாக இருக்கும்.

இங்கே தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீவுகளில் பல கிணறுகள் உவர். மா ஊறவைக்கவும் கூழ் காய்ச்சவும் நன்னீர் கேட்டு வாங்குங்கள். தங்குமிடத்தில் குடிக்கத் தரும் தண்ணீரையே பயன்படுத்துங்கள். உவர்த் தண்ணீரில் காய்ச்சினால் உப்பு கணக்குத் தப்பிவிடும், கடலுணவு வேறு தன் உப்பை விடும்.

4. கடலுணவு: என்ன, எவ்வளவு, எப்படித் துப்புரவாக்குவது

நண்டு நடுத்தர அளவில் நான்கைந்து, ஏறத்தாழ 750 கிராம். இறால் 300 கிராம். மீன் 750 கிராம், அதில் ஒரு பெரிய தலை கட்டாயம் இருக்க வேண்டும். கணவாய் கிடைத்தால் 200 கிராம், கிடைக்காவிட்டால் தேட வேண்டாம்.

மீனில் முள்தான் பிரச்சினை. கூழ் தடிப்பானது, உள்ளே கிடக்கும் முள் கண்ணுக்குத் தெரியாது, உதட்டுக்கும் தெரியாது, தொண்டையில்தான் தெரியும். சின்ன முள் நிறைந்த மீன்களை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். விளைமீன், பாரை, திருக்கை போன்ற சதைப்பிடிப்பான மீன் போதும். தலையின் ருசி கூழுக்கு வேண்டும். தலையின் எலும்பு வேண்டாம். அதனால் தலையைத் தனியே அவித்து வடிக்கப் போகிறோம்.

நண்டு வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சிய கனம் இருந்தால் சதை இருக்கிறது. நிலாக் காலத்து நண்டு கோது என்று கரையில் இருப்பவர்கள் சொல்வார்கள். பௌர்ணமியை ஒட்டி வாங்குவதானால் இன்னும் கவனமாகத் தூக்கிப் பாருங்கள். கால்கள் தொய்ந்து தொங்கினாலோ மூக்கைக் குத்தும் வாடை வந்தாலோ வேண்டாம். ஒரு கெட்ட நண்டு முழுப் பானையையும் கெடுக்கும்.

துப்புரவாக்கும்போது மேலோட்டைக் கழற்றி, இரு பக்கமும் இருக்கும் பூப்போன்ற செவுளைப் பிய்த்து எறியுங்கள். உடலை இரண்டாக வெட்டுங்கள். பெரிய கால்களை அம்மிக் குழவியாலோ கத்தியின் பின்புறத்தாலோ ஒரே ஒரு தட்டு தட்டி விரிசல் விடுங்கள். விரிசல் இல்லாவிட்டால் சாறு கூழில் இறங்காது. நொறுக்கிவிட்டால் ஓட்டுத் துண்டுகள் கூழில் கலந்து பல்லில் கடிபடும். ஒரு தட்டு போதும்.

இறாலின் தலையை எறியாதீர்கள். ஓட்டை உரித்து, முதுகு நரம்பை எடுத்து, தலைகளை மட்டும் கழுவி மீன் தலையோடு சேர்த்து வையுங்கள்.

எல்லாவற்றையும் துப்புரவாக்கியதும் நிழலில், மூடி, முடிந்தால் ஐஸில் வையுங்கள். மா ஊறும் நான்கு மணி நேரமும் மீன் வெளியே கிடந்தால் அடுப்பு மூட்டும் முன்பே அது பழுதாகிவிடும். ஆகவே மாவை ஊறப்போட்ட பிறகுதான் மீன் வாங்கப் போக வேண்டும்.

5. மரக்கறி, புளி, மிளகாய்

மரவள்ளிக்கிழங்கு 300 கிராம், பயத்தங்காய் 150 கிராம், பலாக்கொட்டை இருபது, சிவப்புப் புழுங்கல் அரிசி 75 கிராம், அரைத் தேங்காயைச் சொட்டுச் சொட்டாக வெட்டியது, உருவிய முருங்கையிலை இரண்டு கைப்பிடி.

மரவள்ளியின் வெளித்தோலோடு உள்ளே இருக்கும் தடித்த வெள்ளைப் பட்டையையும் சேர்த்து உரிக்க வேண்டும். நீல நரம்பு ஓடிய கிழங்கு வேண்டாம். இந்தக் கிழங்கு சேரும் கறியில் இஞ்சி போடுவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ருசிக்காகவும் கூழில் இஞ்சி தேவையில்லை.

பலாக்கொட்டையின் வெள்ளைத் தோலை நீக்கி, மண்ணிறத் தோலைச் சுரண்டி, இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். முழுதாகப் போட்டால் மற்றதெல்லாம் குழையும் வரை அது கல்லாகவே இருக்கும். பயத்தங்காயை விரல் நீளத்துக்கு முறித்தால் போதும்.

செத்தல் மிளகாய் பதினைந்து. உறைப்பு தாங்காதவர்கள் இருந்தால் பத்து. கொட்டையை உதறிவிட்டு, சுடுதண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு தேக்கரண்டி மிளகும் அரைத் தேக்கரண்டி மஞ்சளும் சேர்த்துப் பசையாக அரைக்க வேண்டும். மிளகாய்த்தூள் போட்டுச் சமாளிக்கிறவர்கள் உண்டு. தூள் கூழின் அடியில் படிந்து முதலில் கருகுவது அதுதான், நிறமும் மங்கிப்போகும். அம்மி இல்லாவிட்டால் மிக்ஸி போதும், தூள் வேண்டாம்.

பழப்புளி 80 கிராம், இரண்டு தேசிக்காய் அளவு. கால் லீற்றர் தண்ணீரில் கரைத்து, கோதும் கொட்டையும் நீக்கி வடித்து, அரைத்த கூட்டை அதிலேயே கலந்து வையுங்கள். தனித்தனியே பானையில் சேர்த்தால் கூட்டு ஓரிடத்தில் கட்டியாக நிற்கும். புளித்தண்ணீரில் முதலே கரைந்திருந்தால் ஊற்றியவுடன் பரவும்.

6. பானையும் அடுப்பும்

14 லீற்றர் கொள்ளும் பானை வேண்டும். சாமான் அரைவாசிக்கு மேல் வராது, ஆனாலும் மா சேர்ந்த பின் கூழ் கொதித்துத் தெறிக்கும். அந்தத் தெறிப்பு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். அடி தடித்த பானையாக இருக்கட்டும். மெல்லிய அலுமினியத்தில் அடிப்பிடிக்காமல் கூழ் காய்ச்சுவது பழகிய கைக்கே கடினம்.

அகப்பை நீளமாகவும் முனை தட்டையாகவும் இருக்க வேண்டும். உருண்டை முனை அடியை வழிக்காது.

விறகடுப்பில் ஒரு நன்மை உண்டு: கொள்ளியை வெளியே இழுத்துத் தணலில் விடலாம். மா சேரும் நேரத்தில் அதுதான் தேவை. வெளியே காற்று அடிக்கும் பக்கத்தை மறைத்துக் கல் வையுங்கள். கடற்காற்று தீயை ஒரு பக்கம் தள்ளினால் பானையின் ஒரு பாதி கொதிக்கும், மறுபாதி சும்மா இருக்கும்.

7. காய்ச்சும் ஒழுங்கு

அ. தலைச்சாறு. மீன் தலை, இறால் தலைகள், ஒன்றரை லீற்றர் தண்ணீர். கொதி வந்த பின் பதினைந்து நிமிடம். அதற்கு மேல் விட்டால் கசப்பு இறங்கும். வடித்துச் சாற்றை எடுத்துக்கொண்டு, மீன் தலையில் உள்ள சதையை மட்டும் கையால் தேடி எடுத்துத் தனியே வையுங்கள். இது பொறுமையான வேலை, குழந்தைகளிடம் விடக்கூடாது.

ஆ. வன்மையானவை முதலில். பானையில் இரண்டரை லீற்றர் தண்ணீரும் தலைச்சாறும். கொதித்ததும் கழுவிய அரிசி, பலாக்கொட்டை. இருபது நிமிடம். அரிசி மலர்ந்து உடையத் தொடங்க வேண்டும்.

இ. கிழங்கும் காயும். மரவள்ளி, பயத்தங்காய், தேங்காய்ச் சொட்டு. மூடாமல் பன்னிரண்டு நிமிடம் அவிய விடுங்கள். மரவள்ளியின் நஞ்சு ஆவியோடு போக வழி வேண்டும். கிழங்கில் ஈர்க்குக் குத்தினால் தடையின்றி இறங்க வேண்டும்.

ஈ. அதற்குப் பிறகே புளி. புதியவர்களின் பெரிய தவறு இந்த இடத்தில். ருசி நன்றாக ஏறட்டும் என்று புளியைத் தொடக்கத்திலேயே ஊற்றிவிடுவார்கள். புளிப்பு சேர்ந்த தண்ணீரில் கிழங்கும் காயும் இளகாது. ஒரு மணி நேரம் கொதித்தாலும் நடுவில் நறுக்கென்று இருக்கும். கிழங்கு வெந்ததை உறுதி செய்துவிட்டு, கூட்டுக் கரைத்த புளியை ஊற்றி, ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். மிளகாய்க்கூட்டின் பச்சை வாடை போக வேண்டும்.

உ. நண்டு, பிறகு மீன். நண்டு போட்டு எட்டு நிமிடம். ஓடு முழுவதும் சிவக்க வேண்டும். பிறகு மீன் துண்டுகள், நான்கு நிமிடம். மீன் போட்ட பின் அகப்பையால் கிண்டாதீர்கள், பானையின் காதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். இப்போது உப்பைப் பாருங்கள், ஆனால் முழு அளவும் போடாதீர்கள். கூழ் தடிக்கும்போது தண்ணீர் வற்றி உப்புக் கூடித் தெரியும்.

ஊ. மரக்கறிக் கூழ் காய்ச்சுகிறவர்கள் தலைச்சாற்றுக்குப் பதில் தண்ணீர் ஊற்றி, நண்டு, மீன் படியை விட்டுவிட்டு, பலாக்கொட்டையையும் தேங்காய்ச் சொட்டையும் இரட்டிப்பாக்கலாம். புளியைக் கால் பங்கு குறையுங்கள். கடலுணவின் இனிப்பு இல்லாத இடத்தில் அதே புளி தூக்கலாக நிற்கும். நண்டு, இறால் ஒவ்வாதவர்கள் கூட்டத்தில் இருந்தால் அவர்களுக்கும் இதுவே, தனிப் பானையில், தனி அகப்பையோடு. பொதுப் பானையிலிருந்து நண்டை ஒதுக்கி ஊற்றிக் கொடுப்பது ஆபத்து.

8. மா சேர்த்தல்

இங்கே ஒருவர் கிண்ட, ஒருவர் ஊற்ற வேண்டும். தனி ஆளாகச் செய்ய வேண்டாம்.

ஊறிய மாவின் மேல்தண்ணீரைக் கடைசியாக ஒருமுறை வடித்துவிட்டு, அரை லீற்றர் புதுத் தண்ணீரில் கரையுங்கள். கட்டியில்லாமல் பால் போல இருக்க வேண்டும். அடியில் மறுபடி படிந்துவிடும் மா இது. ஊற்றுவதற்குச் சற்று முன் திரும்பவும் கலக்கிக்கொள்ளுங்கள். கலக்காமல் ஊற்றினால் முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் ஒரு மொத்தையும் விழும்.

கொள்ளியை இழுத்துத் தீயைத் தணலளவுக்குக் குறைத்துவிட்டு, ஒருவர் மெல்லிய தாரையாக ஊற்ற, மற்றவர் அகப்பையைப் பானையின் அடியில் பதித்து ஒரே திசையில் கிண்ட வேண்டும். கொதி உச்சத்தில் இருக்கும்போது ஊற்றினால் விழுந்த இடத்திலேயே மா வெந்து கட்டி பிடிக்கும். மீன் கொஞ்சம் உடைவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உடைந்த மீன் கூழுக்கு நல்லது, அடிப்பிடித்த கூழ் ஒருவருக்கும் நல்லதல்ல.

முழுவதும் ஊற்றிய பின் தீயைச் சற்றுக் கூட்டி, மெல்லிய கொதி வரும் வரை கிண்டுங்கள். கொதி வந்ததும் இறாலையும் கணவாயையும் போடுங்கள். இவற்றை மீனோடு முன்பே போடுகிறவர்கள் அதிகம். மா வேகும் நேரம் முழுவதும் கொதித்து இறால் சுருங்கி ரப்பராகிவிடும்.

மா வேக எட்டு முதல் பத்து நிமிடம். நேரத்தை விடக் கண்ணை நம்புங்கள். ஊற்றியபோது வெளிறி, சுண்ணாம்புத் தண்ணீர் போல இருந்த கூழ், வெந்ததும் நிறம் ஆழமாகி மினுமினுக்கும். அகப்பையைத் தூக்கினால் வழிந்து, கடைசித் துளி தொங்கி நின்று விழும். பச்சை மா மணம் போயிருக்கும். இந்த மூன்றும் வந்த பின், தலையிலிருந்து எடுத்த சதையையும் முருங்கையிலையையும் போட்டு, இரண்டு நிமிடத்தில் இறக்குங்கள். இறக்கும்போது கூழ் நீங்கள் விரும்புவதை விடக் கொஞ்சம் இளக்கமாக இருக்கட்டும். மூடிப் பத்து நிமிடம் வைத்தால் அதுவே இறுகிவிடும். உப்பை இப்போது சரிசெய்யுங்கள்.

9. பிழைத்துப்போனால்

கட்டி பிடித்துவிட்டால் அகப்பையால் நசுக்கி நேரத்தை வீணாக்காதீர்கள். கண்ணகப்பையால் கட்டிகளை அள்ளி எடுத்து, கொஞ்சச் சுடுகூழோடு மசித்து, வடித்துத் திரும்ப ஊற்றுங்கள்.

இறுகிப்போனால் கொதிநீர் மட்டும் சேருங்கள். பச்சைத்தண்ணீர் ஊற்றினால் கூழும் தண்ணீரும் பிரிந்து நிற்கும். இளகிப்போனால் மேலும் ஐந்து நிமிடம் கொதிக்க விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மா முழுதாக வேகாததுதான் காரணம். அவசரப்பட்டு அரிசி மாவைக் கரைத்து ஊற்றினால் கூழ் கஞ்சியாகும், ஒடியலின் மணம் அடங்கிவிடும்.

அடிப்பிடித்த வாடை வந்த உடனே கிண்டுவதை நிறுத்துங்கள். அடியைச் சுரண்டாமல் மேலே உள்ளதை வேறு பானைக்கு மாற்றுங்கள். சுரண்டினால் கருகல் முழுவதும் கலந்துவிடும்.

புளி கூடினால் ஒரு சிறு துண்டு பனங்கட்டி. கசப்புக்கு மருந்தில்லை, மூன்றாம் பகுதியை அடுத்த முறை ஒழுங்காகச் செய்ய வேண்டியதுதான்.

10. பிளாவும் பலாவிலையும்

கூழைப் பனையோலைப் பிளாவில் குடிப்பது வெறும் அலங்காரத்துக்காக அல்ல. உலோகக் கிண்ணம் சூட்டை உதட்டுக்கு அப்படியே கடத்தும், ஓலை கடத்தாது. சூடான கூழ் பட்டதும் ஓலையிலிருந்து ஒரு பசுமணம் எழும், அதுவும் ருசியில் சேரும்.

முற்றாத ஓலையில் நாலைந்து மடிப்பு சேர்ந்திருக்கும் துண்டை எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, விரித்து, முனையை ஒன்றுசேர்த்து மடக்கிக் கட்டினால் தோணி போல நிற்கும். காய்ந்த ஓலை மடக்கும்போது வெடித்து ஒழுகும். பழகாதவர்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டு மடக்கித் தரச் சொல்லுங்கள். பார்த்தால்தான் கை பிடிக்கும். முதலில் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டுக் கூழ் ஊற்றுங்கள்.

அள்ளிக் குடிக்கப் பலாவிலை. இலையைக் கூம்பாகச் சுருட்டி ஈர்க்கால் குத்தினால் கரண்டி தயார். ஈர்க்கின் கூர் முனை வெளிப்பக்கம் இருக்க வேண்டும், வாயில் குத்தக்கூடாது.

ஊற்றும்போது அகப்பையை அடிவரை விட்டு எடுங்கள். மேலாக அள்ளினால் முதலில் குடிப்பவருக்குச் சாறும் கடைசியில் வருபவருக்கு நண்டும் கிழங்கும் போகும். ஒரு பிளாவில் அரைவாசிக்கு மேல் ஊற்ற வேண்டாம். ஆறிய கூழ் இறுகும், சூடாக மறுபடி ஊற்றிக்கொள்வதே நல்லது. நண்டுக் கோதும் முள்ளும் போட நடுவில் ஒரு பாத்திரம் வையுங்கள்.

11. கூடவும் பிறகும் என்ன குடிப்பது

கூழோடு ஐஸ்போட்ட சோடா வேண்டாம். உறைப்பும் சூடும் சேர்ந்த வாய்க்கு அது எரிச்சலைத்தான் கூட்டும். சாதாரணத் தண்ணீர் பக்கத்தில் இருந்தால் போதும். குடித்து அரை மணி நேரம் கழித்துப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடியுங்கள். புளிப்பும் உறைப்பும் அடங்கும்.

கருப்பநீரைத் தேடி வருகிறவர்கள் அதைக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கும் பனஞ்சாறு அது. சுண்ணாம்பு புளிப்பதைத் தடுக்கிறது, அதனால் வெறி இல்லை. சித்திரை, வைகாசியில் வந்தால் கிடைக்கும். மரத்திலிருந்து இறக்கிய சூட்டோடு, காலை வெயில் ஏறும் முன் குடிக்க வேண்டும். நுரை கட்டி, புளித்த மணம் வந்தால் அது கள்ளாகிக்கொண்டிருக்கிறது. மாங்காய்த் துண்டு நறுக்கிப் போட்டுக் குடிப்பது வழக்கம். புதியவர்கள் முதல் நாள் ஒரு பிளாவோடு நிறுத்துங்கள். பழகாத வயிறு இளகும்.

கூழ் காய்ச்சும் நாளில் மதியச் சாப்பாட்டைப் பாதியாக்குங்கள். ஒடியல் வயிற்றில் கனமாக இருக்கும், இரவுச் சாப்பாடு தேவைப்படாது.

மிஞ்சிய கூழை மறுநாளைக்கு வைக்க வேண்டாம். நண்டும் மீனும் சேர்ந்த கூழ் இந்தச் சூட்டில் விடியும் வரை தாங்காது. மிஞ்சும் என்று தெரிந்தால் இருட்டுவதற்கு முன்பே கொதிநீர் விட்டு இளக்கி, ஒருமுறை கொதிக்கவைத்து, பக்கத்து வீட்டுக்கு ஒரு சட்டி கொடுத்து அனுப்புங்கள். பானையை உடனே தண்ணீர் நிரப்பி ஊறவிடுங்கள். காய்ந்த ஒடியல் பசை போல ஒட்டிக்கொள்ளும், இரவல் பானையைக் கழுவிக் கொடுக்கக் காலையில் ஒரு மணி நேரம் போய்விடும்.